ஏழாம் எண்

வருடத்தின் கடைசிச் சனிக்கிழமை. காலை பத்து மணிக்குத் திரையில் இரண்டு தலைப்புகளை எழுதிவிட்டு, அரை மணி நேரமாக அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள் அவள். மேலே 'இந்த வருடம்'. கீழே 'அடுத்த வருடம்'. நடுவில் ஒரு வரிகூட இல்லை. அடுத்த அறையில் வாஷிங் மெஷின் கடைசிச் சுற்றில் இருந்ததால் மேசை அதிர்ந்தது. தண்ணீர் டம்ளர் இம்மி இம்மியாக நகர்ந்து கீபோர்டை நெருங்கிக்கொண்டிருந்தது. அதைத் தள்ளி வைக்கவும் அவளுக்குக் கை வரவில்லை.

தனியாளாகக் கம்ப்யூட்டர் விளையாட்டுகள் செய்து விற்பது அவள் தொழில். ஆபீஸ் வேலையை விட்டு ஆறு வருடமாகிறது. பழைய கட்டடம் ஒன்றில் லிப்ட் ரிப்பேர் செய்கிறவளைப் பற்றிய முதல் விளையாட்டு, அவளே எதிர்பாராத அளவுக்கு நன்றாகப் போனது. அதை விளையாடியவர்களுக்காக ஒவ்வொரு வருடக் கடைசியிலும் தன் வலைப்பக்கத்தில் ஒரு கடிதம் எழுதுவாள்: என்ன செய்தேன், இனி என்ன செய்யப்போகிறேன். இரண்டாவது விளையாட்டு ஒரு ரயில் நிலையம். கோயில் திருப்பணி மாதிரி நான்கு வருடமாக நடந்துகொண்டேயிருந்தது. பழைய கடிதங்களிலிருந்து எதையாவது எடுத்து ஒட்டலாமென்று திறந்தவள் திகைத்துப்போனாள். கடந்த மூன்று கடிதங்களிலும் கடைசிப் பத்தி ஒன்றேதான். 'அடுத்த வருடம் ரயில் நிச்சியம் கிளம்பும்.' அந்த எழுத்துப்பிழைகூட மூன்று வருடமாக அப்படியே இருந்தது. முதலில் சிரிப்பு வந்தது. பிறகு, இத்தனை நாளும் காலையில் எழுந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் என்னதான் செய்துகொண்டிருந்தேன் என்று நிஜமாகவே தெரியாமல் போனது.

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற அவள் கணவர், வகுப்புக்குக் கிளம்பியபடி பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார்.

"என்ன வேணா எழுது. தேதி மட்டும் போடாத."

"தேதி இல்லாம என்னத்த எழுதறது?"

"பிரேக் எங்க இருக்குன்னு தெரியாதவங்களுக்கு நான் ஆக்சிலரேட்டரக் காட்டறதே இல்ல." ஷூவில் காலை நுழைத்துக்கொண்டே, போகிற போக்கில் சொல்வதுபோலச் சொன்னார். "உன் பழைய மேனேஜருக்குத் திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்ல?"

சொல்ல வேண்டும். அவள் விட்டுவந்த இடத்திலேயே மறுபடி ஓர் இடம் காலி. போ என்றும் அவர் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலைத்திருந்தால் எதிர்த்துப் பேசவாவது செய்திருக்கலாம்.

கடிதத்தில் போட ஓர் எண்ணிக்கையாவது கிடைக்குமா என்று சோதனைப் பதிவின் கணக்கைத் திறந்தாள். இன்னும் முடியாத விளையாட்டை முன்கூட்டியே ஆடிப் பார்த்துக் குறை சொல்ல அவளுக்குப் பதினோரு பேர் இருந்தார்கள். யார், எந்த இடத்தில், எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பதெல்லாம் தானாகப் பதிவாகும். நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடுகிற ஆட்டம் அது. பத்துப் பேர் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் ஆடியிருந்தார்கள். ஏழாம் எண்ணுக்கு நேராக நூற்று அறுபது மணி நேரம் என்று இருந்தது.

கணக்கில்தான் கோளாறு என்று நினைத்து, எழுதிய நிரலை வரிவரியாகச் சோதித்தாள். கோளாறு இல்லை. பத்து மாதமாகப் பெரும்பாலான வார நாட்களில், மதியம் ஒரு மணியிலிருந்து இரண்டு மணி வரை, ஏழாம் எண் ஒரே இடத்தில் நின்றிருக்கிறது. டிக்கெட் கவுன்டரில். கம்பிக்குப் பின்னாலிருக்கும் ஆள் "எங்கே போகணும்?" என்று கேட்பார். கீழே மூன்று ஊர்ப் பெயர்கள் வரும். எதையும் தொடாவிட்டால் அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வார், சீட்டுகளை அடுக்குவார், நிமிர்ந்து பார்ப்பார், காத்திருப்பார். அவர் அப்படிக் காலாகாலத்துக்கும் காத்திருந்தது அவளுடைய மறதி. எவ்வளவு நேரம் பொறுக்கலாம் என்று அவருக்குச் சொல்லாமல் விட்டிருந்தாள். 'கவுன்டர் ஆள் உறைந்துபோய்விட்டார்' என்று நான்காம் எண் எழுதிய பிறகுதான் கவனித்து, முப்பது விநாடியில் ஜன்னலைச் சாத்திவிடும்படி திருத்தினாள். திருத்தம் வியாழக்கிழமை எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. அன்று மதியம் ஏழாம் எண் பதினோரு முறை திறந்து மூடியிருந்தது. வெள்ளிக்கிழமை திறக்கவேயில்லை.

ஏழாம் எண் அவளுடைய அக்கா. ஆடிப் பார்த்த முதல் நாள் "நல்லா இருக்குடி" என்றதோடு சரி, அப்புறம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

கண் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் அக்காவுக்கு வேலை. சனிக்கிழமை ஒரு மணி வரை உண்டு. அவள் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் வடிந்திருந்தது. கண்ணில் மருந்து விட்டுக்கொண்ட நாலைந்து பேர் தலையைச் சாய்த்து, இமைகளை மூடி, வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அக்கா ஃபைல்களை எண் வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னடி திடீர்னு? கண்ணு வலியா?"

"இல்லக்கா. அந்த ஸ்டேஷன் கேம்..."

அக்காவின் கை நின்றது. "அந்த ஆளு இப்பல்லாம் ஜன்னலச் சாத்திடறாரு. நான்தான் எதையோ தப்பா அமுக்கிக் கெடுத்துட்டேனோன்னு இருந்தேன்."

"நீ ஒண்ணும் பண்ணலக்கா. அது தப்பா இருந்துச்சு. நான்தான் சரி பண்ணினேன்."

"ஓ. சரி பண்ணிட்டியா." ஒரு ஃபைலை எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல், எடுத்த இடத்திலேயே வைத்தாள். பிறகு நிமிர்ந்தாள். "நான் ஆடறது உனக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாம் பதிவாகும்க்கா. முதல்லயே எழுதிக் குடுத்திருந்தேனே."

"அதையெல்லாம் யாரு படிச்சா." அக்காவின் காது மடல் சிவந்தது. சின்ன வயதில் அக்காவின் டைரியை இவள் திருடிப் படித்தபோதும் முதலில் அங்கேதான் சிவந்தது.

தங்கை மேசை மேலிருந்த ஃபைல் ஒன்றை நேராக்கி வைத்தாள். பிறகு அவள் கேட்டாள். "மூணு ஊர் இருக்குல்ல. ஒண்ணக்கூட ஏன்க்கா தொடல?"

"இங்க காலையிலேர்ந்து நான்தான்டி கேக்கறேன். பேரென்ன, வயசென்ன, முன்னாடி வந்திருக்கீங்களா, கூட யாரு வந்திருக்கா. வீட்டுக்குப் போனா, சாப்டியா, குளிச்சியா, சாவி எங்க. அவரு என்னைக் கேக்கறாரு. நான் யோசிக்கறேன். அவரு அவசரப்படுத்தல. அவ்ளோதான்."

"உனக்கு எங்கயாவது போகணுமாக்கா?"

அக்கா தங்கையின் முகத்தைப் பார்த்தாள். கோபமா, கெஞ்சலா என்று பிரித்துச் சொல்ல முடியாத பார்வை. "தெரியலன்னுதானேடி அவ்ளோ நேரம் நிக்கறேன்." வரிசையில் ஒருவர் கண்ணைத் திறக்காமலே தன் முறை வந்துவிட்டதா என்று கேட்டார். அக்கா எழுந்தாள். அவர் கையைப் பிடித்து உள்ளே விட்டுவிட்டு வந்தபோது, குரல் மேசைக் குரலாக மாறியிருந்தது. "அத்தானுக்கு இதெல்லாம் தெரிய வேணாம். நீயும் இனிமே பாக்காத."

"பாக்கலக்கா."

வீட்டுக்கு வந்து முதல் வேலையாகத் திருத்தத்தை நீக்கினாள். நீக்கிய பிறகு சந்தேகம் வந்தது. பதினோரு பேரில் ஒருத்தி அங்கே நிற்கிறாள் என்பதற்காக ஒரு தவறு சரியாகிவிடுமா? நாளைக்கு ஆயிரம் பேர் வந்து, கவுன்டர் ஆள் உறைந்துவிட்டார் என்று திட்டினால்? ஆனால் இந்த நான்கு வருடத்தில் அவள் மெனக்கெட்டுச் செய்த கடிகாரக் கோபுரத்தின் முன்னாலும், மழையின் முன்னாலும் யாரும் நான்கு நிமிடம்கூட நின்றதில்லை. அவள் செய்ய மறந்த இடத்தில் அக்கா பத்து மாதம் நின்றிருக்கிறாள். இதைப் பெருமையாக எடுத்துக்கொள்வதா, அவமானமாக எடுத்துக்கொள்வதா என்று விளங்கவில்லை. 'இந்த வருடம் ஒரு தவறைச் சரிசெய்தேன். பிறகு அதைத் திரும்பவும் தவறாக்கினேன்' என்று எழுதி, வேறு ஒன்றும் சேர்க்காமல் கடிதத்தை வெளியிட்டாள். 'அடுத்த வருடம்' என்ற தலைப்பை எடுத்துவிட்டாள். சாயங்காலத்துக்குள் மூன்று பேர், பக்கம் பாதியில் நின்றுவிட்டது என்று எழுதியிருந்தார்கள்.

திங்கட்கிழமை மதியம் ஒரு மணிக்கு மேனேஜருக்கான பதிலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். 'வருகிறேன்' என்று அடித்துப் பார்த்தாள். அழித்துவிட்டு 'மன்னிக்கவும்' என்று அடித்தாள். இரண்டுமே வேறு யாரோ எழுதியதுபோல இருந்தன. பார்க்க மாட்டேன் என்று சொல்லியிருந்தாள்தான். ஆனாலும் பதிவுப் பக்கத்தைத் திறந்துவிட்டாள்.

ஏழாம் எண் வந்திருந்தது. நிலையத்தின் வரைபடத்தில், பார்க்கும் திசையைக் காட்டும் சின்ன முனையோடு ஒரு நீலப் புள்ளி, கவுன்டர் முன்னால். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். பதினேழாவது நிமிடத்தில் புள்ளி நகர்ந்தது.

அக்கா சீட்டு எடுத்துவிட்டாள். மூன்றாவது ஊருக்கு.

முதல் இரண்டு ஊர்களுக்கு ரயில் உண்டு. மூன்றாவது வெறும் பெயர். இரண்டு பொத்தான்கள் மட்டும் இருந்தால் மொட்டையாகத் தெரிகிறதே என்று பக்கத்தில் ஒன்றைச் சேர்த்திருந்தாள். வேறு யாரும் அதைத் தொட்டதில்லை. அந்த நடைமேடைக்குத் தரையும் ஒரு பெஞ்சும் மட்டும் போட்டிருந்தாள். தண்டவாளம்கூட வரையவில்லை.

மேசையில் போன் அதிர்ந்தது. மேனேஜரின் எண். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நீலப் புள்ளி நடைமேடையின் ஒரு கோடி வரை போனது, திரும்பியது, மறு கோடிக்குப் போனது. பிறகு பெஞ்சின் பக்கத்தில் வந்து, உட்கார அவள் வழி செய்திருக்காததால், ரயில் வர வேண்டிய திசையைப் பார்த்து நின்றது.