சுவர் பார்க்கப் போனவர்

"மூணாம் மாடிக்காரரை அந்தக் காரை எடுக்கச் சொல்லு விக்ரமா. அவுகளை வெயில்ல நிறுத்தி வைக்காத" என்றாள் சிகப்பி.

மலர்ச்சாலை ஆட்கள் நால்வர் சவப்பெட்டியைச் சுமந்துகொண்டு வெள்ளவத்தை அடுக்குமாடியின் வாசலில் நின்றார்கள். லிஃப்டில் பெட்டி நுழையாது. படிக்கட்டில் திருப்ப முடியாது. மேலே குடியிருந்த சிகப்பியின் புருஷன் உலகப்பனைக் கீழே கார் நிறுத்துமிடத்தில் கிடத்திக்கொள்ளலாம் என்று நிர்வாகக் குழு பெருந்தன்மையோடு அனுமதித்திருந்தது, அதுவும் பின்னேரம் வரைக்கும்தான். மூன்றாம் மாடிக்காரர் இல்லாத சாவியைச் சட்டைப்பையில் தேடிக்கொண்டிருந்தார். ஒரு தடவை இடத்தை விட்டுக் கொடுத்தால் பிறகு நிரந்தரமாகப் போய்விடும் என்ற பயம் அவருக்கு. இருபது வருடம் ஒரே கட்டடத்தில் இருந்து, லிஃப்டில் உலகப்பனைப் பார்த்துத் தலையாட்டியதைத் தவிர அவருக்கு வேறு செலவில்லை. கடைசியில் சாவி கிடைத்தது. கார் நகர்ந்தது. தரையில் கிடந்த எண்ணெய்க் கறையின் மேல் வெள்ளைத் துணி விரித்து, மேசை போட்டு, உலகப்பனை வைத்தார்கள்.

பெட்டி உள்ளே வருமுன்னரே பாக்கியலெட்சுமி உட்கார்ந்துவிட்டாள். உலகப்பனின் அண்ணன் மனைவி அவள். பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே மேலிருந்து இறக்கிய ஒரே மர நாற்காலி எதுவோ, அது அவளுக்கு வந்து சேரும். வெள்ளைச் சேலை, வைர மூக்குத்தி, மூக்கில் ஒற்றிக்கொள்ள நறுமணம் போட்ட கைக்குட்டை. அழுகைக்கு முன்னால் கைக்குட்டை தயாராக இருந்தது, அழுகைதான் இன்னும் வந்து சேரவில்லை.

"மட்டக்குளிக்கு என்னத்துக்குப் போனாக?" என்று அவள் கேட்டாள். வந்ததிலிருந்து அதைத்தான் வெவ்வேறு விதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். வலி எப்போது வந்தது, துடித்தாரா, பக்கத்தில் யார் இருந்தது என்பதெல்லாம் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

சங்கதி இதுதான். நேற்றுக் காலை உலகப்பன் கொழும்பின் மறுகோடியில், மட்டக்குளியில், ஒரு தொடர்மாடிக் குடியிருப்பின் சுவருக்கு முன்னால் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் உயிர் போயிற்று. மாரடைப்பு என்று மரண விசாரணையில் எழுதிக் கொடுத்தார்கள். கொட்டாஞ்சேனைக் கோயில் வாசலில் விழுந்திருந்தால் புண்ணியவான் என்றிருப்பார்கள். புறக்கோட்டைக் கடையில் விழுந்திருந்தால் உழைப்பாளி என்றிருப்பார்கள். மட்டக்குளியில் விழுந்ததால் எல்லார் முகத்திலும் ஒரு கேள்விக்குறி.

அந்தக் கேள்விக்குறிக்குக் காரணம் இருந்தது. இவர்கள் குடும்பம் காரைக்குடிப் பக்கத்திலிருந்து வந்து கொழும்பில் பித்தளைச் சாமான் விற்ற குடும்பம். அந்தக் காலத்தில் பெண்டாட்டியை ஊரில் விட்டுவிட்டு இங்கே கடை வைத்தவர்களில் சிலர் இங்கேயும் ஒரு வீடு வைத்துக்கொண்டார்கள். சிகப்பியின் மாமனாரே கொட்டாஞ்சேனையில் அப்படி ஒரு வீடு வைத்திருந்தார். அவர் செத்த அன்றைக்குத்தான் அந்த வீட்டம்மா பிள்ளையோடு வந்து தலைமாட்டில் நின்றாள். அதைப் பார்த்தவர்கள் இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களெல்லாம் இப்போது இந்தக் கார் நிறுத்துமிடத்தில், யாராவது வருவார்களா என்று வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உலகப்பனைத் திரும்பிப் பார்த்தவர்கள் குறைவு.

மகன் விக்ரமன் சிகப்பியைத் தூணுக்குப் பின்னால் கூட்டிப்போனான். வங்கியில் மேலாளர். வாடிக்கையாளரிடம் கடன் இல்லை என்று சொல்வதற்கென்று ஒரு குரல் வைத்திருப்பான். தாயிடமும் அதே குரலில்தான் பேசினான்.

"அம்மா, யார் கேட்டாலும் அப்பச்சி கொட்டாஞ்சேனைக் கோயிலுக்குப் போற வழியிலதான் விழுந்தாருன்னு சொல்லுங்க. நான் அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன். மட்டக்குளி கதையே வேணாம்."

"ஏன், மட்டக்குளில மனுசன் சாகக் கூடாதா?"

"சுவர் படம் எடுக்கப் போனாருன்னு சொன்னா யார் நம்புவாங்க? சிரிப்பாங்க."

அதில் உண்மை இருந்தது. சிகப்பியே சிரித்தவள்தான்.

தேர்தல் ஒன்று முடிந்த கையோடு கொழும்புப் பிள்ளைகளெல்லாம் வாளியும் தூரிகையுமாகத் தெருவில் இறங்கி, கண்ட சுவரிலெல்லாம் சிங்கமும் தாமரையும் பழைய ராசாக்களுமாகத் தீட்டித் தள்ளிய வருடம் ஒன்று உண்டு. அந்த வருடம்தான் உலகப்பன் கடையை அண்ணன் மக்களிடம் விட்டுவிட்டு வீட்டோடு வந்தார். காலாற நடக்கிறேன் என்று போனவர் ஃபோனில் படத்தோடு திரும்பினார். பிறகு அதுவே பிழைப்பாகிவிட்டது. ராசாக்கள் மழையில் உரிந்தார்கள், உரிந்ததைப் படம் எடுத்தார். ஆர்ப்பாட்ட காலத்தில் சுவரெல்லாம் வசை எழுதினார்கள், அதை எடுத்தார். வசையின் மேல் வெள்ளையடித்தார்கள், அந்த வெள்ளையையும் எடுத்தார். ஒன்றுக்கு இருக்கக் கூடாதென்று பிள்ளையாரையும் யேசுவையும் புத்தரையும் வரிசையாக உட்கார்த்தி வைத்த கிருலப்பனைப் பக்கத்து மதிலைப் படம் எடுக்கப் போய், அங்கே ஒன்றுக்கு நின்ற ஒருவனிடம் அடி வாங்கப் பார்த்தார். அன்றைக்கு வாழ்க்கையிலேயே பெரிய வியாபாரம் முடித்தவர் போல வீட்டுக்கு வந்தார்.

"பாரு சிகப்பி" என்று ஃபோனை மூக்குக்கு நேரே நீட்டுவார். "பார்த்தேன்" என்பாள், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல். ஒரு நாள் தன்னோடு வரச் சொல்லிக் கேட்டார். சுவர் பார்க்க வீட்டை விட்டு வெளியே போக வேண்டுமா, இங்கேயே நாலு இருக்கின்றனவே என்றாள். அவரும் சிரித்தார். ஆனால் கேட்பதை நிறுத்தவில்லை, வாரத்துக்கு ஒரு தரமாவது கேட்டார். கழுதைக்கு உபதேசம் காதில் ஓதினால் என்ன என்று அவளும் வாரத்துக்கு ஒரு தரம் ஏசினாள்.

ஆனால் அது வீட்டுக்குள் அவள் சிரித்த சிரிப்பு. இந்த நாற்காலிக் கூட்டம் அவர் நெஞ்சுக்கு மேலே உட்கார்ந்து சிரிப்பதை அவளால் பொறுக்க முடியாது. இன்றைக்குப் பின்னேரம் இவர் கட்டையில் வெந்துவிடுவார். இவர்கள் சொல்லப் போகிற கதை வேகாது, ஒவ்வொரு கலியாண வீட்டிலும் சூடாகப் பரிமாறப்படும். மாமனாரைப் பற்றிப் பேசும்போது இவர்கள் எப்படிக் குரலைத் தாழ்த்துவார்கள் என்று அவளுக்குத் தெரியும். இந்த மனிதரின் பேரும் அந்தக் குரலில் போய்ச் சேரக் கூடாது. கோயில் பொய் அதைக் காப்பாற்றுமா என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. விக்ரமனைத் தூணருகே விட்டுவிட்டு வந்து தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

பொய்யின் ஆயுள் மத்தியானம் வரைக்கும்தான் இருந்தது.

கறுப்பு அபாயாவும் வெள்ளை முக்காடுமாக ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். நாற்பது வயதிருக்கும். கையில் கடைப்பை. சாவு வீட்டு வெள்ளைக்கொடியைப் பார்த்து, பெட்டியைப் பார்த்து, கண்ணாலேயே ஆட்களை அளந்து, நேரே சிகப்பியிடம் வந்தாள். மர நாற்காலி கிறீச்சிட்டது. பாக்கியலெட்சுமி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"நான் ஹப்ஸா. மட்டக்குளி பிளெட்ல ஈக்கிற" என்றாள் வந்தவள். "ஐயா எங்கட வாசல்லதான் விழுந்த. நான்தான் தலைய மடில வெச்சுத் தண்ணி குடுத்த. பொலிஸ்காரர் ஐடி பாத்து அட்ரஸ் வாசிச்ச நேரம் கேட்டு வெச்ச."

மடியில் என்ற சொல் நாற்காலி நாற்காலியாகப் பின்வரிசை வரைக்கும் போயிற்று. வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்தது. கோயிலுக்குப் போன கதையைக் காலையிலிருந்து எல்லாரிடமும் சொல்லிய விக்ரமன் வெளிறிப் போய் நின்றான்.

ஹப்ஸா பையிலிருந்து ஒரு சேலையை எடுத்தாள். மஞ்சளில் அரக்குக் கரை போட்ட காரைக்குடிக் கண்டாங்கி. வீட்டு அலமாரியில் இருக்க வேண்டிய சிகப்பியின் சேலை.

"ஐயாட சாமான். எங்கட்ட வெச்சிக்க ஏலாது. அதான் கொண்டந்த."

"இது விக்ரமன் கலியாணத்துக்கு நான் எடுத்துக் குடுத்த சேலையில்ல?" என்றாள் பாக்கியலெட்சுமி. கூடவே அழுகையும் வந்துவிட்டது அவளுக்கு, காலையிலிருந்து வராத அழுகை. கொழுந்தனார் இப்படிச் செய்வார் என்று கனவிலும் நினைக்கவில்லை என்றும், இரத்தம் எங்கே போகும் என்றும், சிகப்பி பாவம் வெகுளி என்றும் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். ஊருக்கே கேட்கிற மாதிரித்தான் சொன்னாள்.

விக்ரமன் ஹப்ஸாவின் பக்கம் வந்து, வெளியே போய்க் கதைப்போம் என்று மெல்லிய குரலில் கூப்பிட்டான்.

"அவங்கள விடு" என்றாள் சிகப்பி. பிறகு ஹப்ஸாவைப் பார்த்தாள். "உக்காருங்க. என் சேலைய வச்சு என்ன பண்ணினாக, சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கட்டும்."

ஹப்ஸா உட்கார்ந்தாள். சுற்றியிருந்த முகங்களைப் பார்த்து அவளுக்கும் ஏதோ புரிந்திருக்க வேண்டும். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்.

"எங்கட பிளெட்டுச் செவுத்துல பொடியன்மார் ஒரு பொம்பள வரஞ்சீக்கிறாங்க. மூணு மாடி ஒசரம். ரெண்டு கையும் மேல தூக்கி, உடுப்புக் காயப்போடுற மாதிரி. அந்தக் கைகிட்டதான் எங்கட கொடி. நாங்க எதக் காயப்போட்டாலும் அவ காயப்போடுற மாதிரித் தெரியும். ஐயா அதப் பாக்கத்தான் வார. ஒவ்வொரு நாளும் உடுப்பு வேற தானே, அவருக்குப் படமும் வேற. நேத்து இந்தச் சீலையக் கொண்டந்து கொடில போட்டுத் தாங்க எண்டு கேட்ட. யார்ட சீலை ஐயா எண்டு கேட்டேன். வீட்டுக்காரிட எண்டார். அவளக் கூப்பிட்டா வரமாட்டா, ஏசுவா, சீலை ஏசாதுதானே எண்டு செல்லிச் சிரிச்ச."

சிகப்பிக்குச் சிரிப்பு வந்தது. சாவு வீட்டில் சிரிக்கக் கூடாதென்று பல்லைக் கடித்தாள். கடித்ததும் அழுகை வந்தது. பாக்கியலெட்சுமிக்கு முன்னால் அழுவதா என்று அதையும் விழுங்கினாள். கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டாள் என்பது அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கிறது.

"படம் எடுத்தாகளா?"

"எடுத்த. எடுத்திட்டு, கொஞ்சம் நடுவுக்குப் போடுங்க எண்டார். நான் சரி பண்ணிட்டுத் திரும்பிப் பாக்க, கீழ சரிஞ்சிட்டார்."

சிகப்பி மகனிடம் கையை நீட்டினாள். பொலிஸ் திருப்பிக் கொடுத்த உலகப்பனின் ஃபோன் அவனிடம்தான் இருந்தது. அவன் தயங்கினான். அவள் கையை எடுக்கவில்லை. கடைசியில் திறந்து கொடுத்தான்.

இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவர் எடுத்த படத்தை அவள் உண்மையாகவே பார்த்தாள். பார்க்கும்படி ஒன்றும் இல்லை. பெரிய உருவம், கண்றாவியான நீலம். வரைந்தவனுக்குக் காது போடத் தெரியவில்லை, ஒரு கை மற்றதை விட நீளம். கால்மாட்டில் குப்பை வாளி. மேலே, அந்தக் கோணல் கைகளுக்கு நடுவே, வெயிலில் அவளுடைய மஞ்சள் சேலை. சேலை ஒரு பக்கம் சரிந்துதான் கிடந்தது. நடுவுக்குப் போடச் சொன்னது சரிதான்.

எழுந்து போய், ஃபோனைப் பாக்கியலெட்சுமியின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"பாருங்கக்கா. நல்லாப் பாருங்க. காலையில இருந்து கேட்டுக்கிட்டு இருந்தீங்கல்ல. இவதான் உங்க கொழுந்தனாரு மட்டக்குளில வச்சிருந்த பொம்பள."

பாக்கியலெட்சுமி பார்த்தாள். கைக்குட்டை மூக்கருகில் அப்படியே நின்றது. "இதுக்காகவா?" என்றாள். அந்தக் குரலில் இருந்தது ஏமாற்றம். வைப்பாட்டி ஒருத்தி இருந்திருந்தால் மன்னித்திருப்பாள் போலிருந்தது. ஃபோன் கைக்குக் கை மாறிற்று. பார்த்தவர்களெல்லாம் உதட்டைப் பிதுக்கிப் பக்கத்தில் கொடுத்தார்கள். வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த தலைகள் ஒவ்வொன்றாக உள்ளே திரும்பின. யாரோ சோடா இருக்கிறதா என்று கேட்டார்கள். இவ்வளவு சின்ன உண்மை அவர்களுக்குப் பிரயோசனப்படாது. இதைக் கலியாண வீட்டில் வைத்துச் சொல்ல முடியாது. சிகப்பிக்கு அது போதும்.

ஹப்ஸா பெட்டியருகே போய்க் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சிகப்பியிடம் வந்து, "அப்ப நான் போயிட்டு வாறன்" என்றாள்.

சாவு வீட்டிலிருந்து போகிறவர்கள் சொல்லிக்கொண்டு போகக் கூடாது, அதிலும் வருகிறேன் என்ற சொல் வாயில் வரவே கூடாது. இன்னொரு சாவுக்கு நாள் குறிக்கிற மாதிரி அது. அறியாமல் யாராவது சொல்லிவிட்டால் வீட்டுக்காரர்கள் காதில் விழாதது போல முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். விக்ரமன் திருப்பிக்கொண்டான். பாக்கியலெட்சுமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"வாங்க" என்றாள் சிகப்பி.

சேலையை எடுத்து, உதறி, மடிப்பு மாறாமல் மடித்தாள். ஹப்ஸாவின் பையை வாங்கி அதற்குள் வைத்துத் திரும்பவும் அவள் கையில் கொடுத்தாள்.

"நடுவுல போடுங்க. வெயில்ல சாயம் போயிடும், உள்பக்கம் வெளியில வாற மாதிரிப் போடணும். நல்ல சேலை இது."

ஹப்ஸா அவள் முகத்தைப் பார்த்தாள். தலையாட்டினாள். பெட்டியை மூடும் நேரமாகிவிட்டதென்று மலர்ச்சாலை ஆட்கள் உள்ளே வந்தார்கள். அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள், பிறகு வெளியேறினாள். ஒழுங்கை முனையில், காலி வீதி என்ற பெருந்தெருவுக்கு ஏறுமுன் நின்று, பைக்கு வெளியே தொங்கிய மஞ்சள் தலைப்பை உள்ளே தள்ளிவிட்டு, வந்த பஸ்ஸுக்குக் கை காட்டினாள்.