பிள்ளையார் தேர்ந்தெடுத்த கம்ப்யூட்டர்

என் அண்ணன் வைத்தியலிங்கத்துக்கு மௌஸைப் பிடிக்கத் தெரியாது. ஈ-மெயில் வந்திருக்கிறது என்று சொன்னால் வாசலில் தபால்காரனைத் தேடுவான். ஆனாலும் எங்கள் கம்ப்யூட்டர் சென்டருக்கு அவன்தான் முதலாளி. எம்.சி.ஏ. படித்த நான், விஜயஸ்ரீ, அங்கே 'ஒத்தாசைக்கு' இருந்தேன். இதைச் சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

1999-இல் மேல ரத வீதியில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது சென்டர். வியாபாரிகளுக்கு வெப்சைட் போட்டுக் கொடுப்போம் என்று ஆரம்பித்தது நான்தான். பக்கங்களை நானே செய்துவிடுவேன். ஆனால் அவை குடியிருக்க, இராப்பகல் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு கம்ப்யூட்டரில் இடம் வேண்டும். ஒரு வளவை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்து, வீடு வீடாக வாடகைக்கு விடுவதுபோல, அந்த இடத்தை மொத்தமாகப் பிடித்து வியாபாரிகளுக்குப் பிரித்துக் கொடுக்கவேண்டும். யாரிடம் பிடிப்பது என்பதில்தான் சண்டை வந்தது.

நான் பார்த்து வைத்தது ஓர் அமெரிக்கக் கம்பெனி. பாளையங்கோட்டையில் என்னோடு படித்த கெசியா அப்போது அமெரிக்காவில் வேலையில் இருந்தாள். பணத்தைத் தன் கிரெடிட் கார்டில் கட்டிவிடுவதாகச் சொன்னாள். அண்ணன் பார்த்து வைத்தது சிவசண்முகத்தை. சிவசண்முகம் வேறு யாருமில்லை, அண்ணன் பெண்டாட்டி கோமு மைனியின் தம்பி. சென்னையில் ஓர் அறையில் கம்ப்யூட்டர்களை வைத்து இதே தொழில் செய்துகொண்டிருந்தான்.

இரண்டு இடத்திலும் ஒரு பக்கத்தைப் போட்டு ஒரு மாதம் சோதித்தேன். அமெரிக்காவில் வைத்தது எப்போது கூப்பிட்டாலும் வந்தது. சிவசண்முகத்திடம் வைத்தது பகலில் வரும், விளக்கு வைத்த பிறகு சில நேரம் வராது. கேட்டால் லைனில் கோளாறு என்பான்.

"அமெரிக்காக்காரன் நாளைக்குக் கடைய மூடிட்டா எங்கனட்டி போயித் தேடுவ?" என்றான் அண்ணன். "சிவசண்முகம்னா சேரன்மாதேவில அவன் அப்பா வீட்டு வாசல்ல போயி உக்காந்துரலாம்லா."

"வாசல்ல உக்காந்தா வெப்சைட் தெறந்துருமாண்ணே?"

"ஒனக்கு வாய் கூடிப்போச்சு. சரி, நீயும் சொல்லாண்டாம், நானும் சொல்லாண்டாம். பூக்கட்டிப் பாப்போம்."

எங்கள் வீட்டில் எதற்கும் அதுதான் வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் வாழை இலையில் கட்டிச் சாமி முன்னால் வைத்து ஒன்றை எடுப்பது. அக்கா கல்யாணம் அப்படித்தான் முடிவானது, வயலை விற்றதும் அப்படித்தான். கம்ப்யூட்டருக்கும் பூவா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் எனக்குச் சாமி பயம் உண்டு. வேண்டாம் என்று சொல்ல நாக்கு வரவில்லை.

வெள்ளை வந்தால் அமெரிக்கா, சிவப்பு வந்தால் சிவசண்முகம். நெல்லையப்பர் கோயிலில் பிள்ளையார் முன்னால் அண்ணன் பொட்டலங்களை வைத்தான். நான்தான் எடுத்தேன். பிரித்தால் சிவப்பு அரளி. அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டு மற்றப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். பிள்ளையாரே சொன்ன பிறகு என்ன பேச? வாயை மூடிக்கொண்டு சிவசண்முகத்திடம் இடம் பிடித்தேன்.

முதலில் வந்தவர் உடன்குடி முத்துமாலை அண்ணாச்சி, கருப்பட்டி வியாபாரி. கம்ப்யூட்டரை நம்பி அவர் வரவில்லை, என் பேச்சை நம்பி வந்தார். "இது பூட்டே இல்லாத கடை அண்ணாச்சி. கனடாக்காரன் நட்டநடு ராத்திரில வந்தாலும் தெறந்திருக்கும்" என்று, லைனைச் சரிபண்ணிவிட்டதாகச் சிவசண்முகம் சொன்னதை நம்பி நான் சொல்லியிருந்தேன். கனடாவில் நம்மவர்களுக்குச் சாமான் விற்கும் ஒரு கடைக்காரருக்கு அவர் தன் வெப்சைட் விலாசத்தை எழுதிப்போட்டார். அந்த ஒரு ஆர்டர் கிடைத்தால் உள்ளூர் தரகர்களின் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை என்று அவருக்கு அத்தனை ஆசை.

ஒரு நாள் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"கனடாக்காரவுக போன் பண்ணினாவ தாயி. எத்தனை மட்டம் பாத்தாலும் உங்க கடை பூட்டியே கெடக்கேன்னு சிரிக்காவ. நான் என்ன பதில் சொல்லட்டும்? இன்னும் ஒரு வாரம் பாப்பாவளாம். அதுக்கு மேல வேற ஆளப் பாத்துருவாவளாம்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் எதிரிலேயே சிவசண்முகத்துக்குப் போன் போட்டு, இரவில் ஏன் திறக்கவில்லை என்று கேட்டேன்.

"ராத்திரி ஆபீஸப் பூட்டும்போது எல்லா மிஷினையும் அமத்திட்டுத்தான் போவேன், விஜயா. ஏசி இல்லாம ஓடினா சூடாயிரும்லா? ராத்திரி எவன் பாக்கப் போறான்?"

நமக்கு இரவென்றால் கனடாவில் பகல் என்று அந்தப் புத்திசாலிக்கு யாரும் சொல்லவில்லை. பலசரக்குக் கடைக்குப் பலகை போடுவதுபோல எல்லார் கடையையும் சேர்த்து அடைத்துவிட்டுத் தூங்கப் போயிருக்கிறான்! போனைப் பட்டென்று வைத்தேன்.

அண்ணாச்சியை அனுப்பிவிட்டு அண்ணனிடம் சொன்னேன். அவன் அசையவில்லை. "அவன்ட்ட சொல்லிச் சரிபண்ணிக்கிடலாம். சாமி குடுத்த உத்தரவ மீறப்பிடாது."

"அப்ப சாமிட்டயே இன்னொரு மட்டம் கேப்போம்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அவன் முகம் ஒரு கணம் வெளுத்தது, பிறகு சரி என்றான். மறுநாள் காலையில் அதே பிள்ளையார், அதே வாழை இலை. கட்டிக்கொண்டு வந்தவனும் அவன்தான். நான் ஒன்றை எடுத்துப் பிரித்தேன். சிவப்பு. அண்ணன் மற்றதை எடுக்கக் குனிந்தான். அவன் கைக்கு முன்னால் என் கை போய்விட்டது.

அதிலும் சிவப்பு அரளிதான்.

"விடுட்டி, குடும்பத்துக்குள்ள போற தொழிலு. வீட்ல உங்க மைனி அழுதா. நான் என்ன செய்ய?" என்றான். அவன் குரலில் வெட்கம் இல்லை, அலுப்புதான் இருந்தது.

அவன் என்னை ஏமாற்றியதைக்கூட ஒருநாள் மறந்துவிடுவேன். பிள்ளையாரைப் பொய்ச்சாட்சி சொல்ல வைத்துவிட்டானே! அந்தச் சன்னதியில் நின்றுகொண்டு, இவன் நாசமாய்ப் போகட்டும் என்று நினைத்தேன். கோயிலில் அப்படி நினைத்தது அதுதான் முதல் தடவை. திருநீறு பூசாமலே வெளியே வந்தேன்.

வெப்சைட்டின் பெயர் எந்தக் கம்ப்யூட்டரைக் காட்டவேண்டும் என்பதை, அதைப் பதிந்தவரின் ஈ-மெயிலில் இருந்துதான் மாற்றமுடியும். எல்லாப் பெயரையும் என் ஈ-மெயிலில்தான் பதிந்திருந்தேன், அண்ணனுக்குத்தான் ஈ-மெயிலே கிடையாதே. அன்றைக்கே கெசியாவுக்கு எழுதினேன். அவள் கார்டில் இடம் பிடித்தாள். அண்ணாச்சியின் கருப்பட்டிக் கடை முதலில் அமெரிக்காவுக்குக் குடிபோனது, பின்னாலேயே மற்ற எல்லார் கடையும்.

வாரம் முடிவதற்குள் உடன்குடியிலிருந்து போன். "தெறந்திருக்காம் தாயி! மாதிரி அனுப்பச் சொல்லுதாவ!" அண்ணாச்சி கத்திய கத்தில் ரிசீவரைத் தள்ளிப் பிடிக்கவேண்டியிருந்தது.

அடுத்த போன் சிவசண்முகத்திடமிருந்து அண்ணனுக்கு. பேசிவிட்டு என் மேஜையில் அறைந்தான்.

"யாரக் கேட்டுட்டி மாத்துன?"

"பிள்ளையாரக் கேட்டேன்."

பையிலிருந்து வாழை இலைப் பொட்டலம் இரண்டை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். நாரை நானே இறுக்கிக் கட்டியிருந்தேன்.

"சிவப்பு வந்தா எல்லாத்தையும் சிவசண்முகத்துட்டயே திருப்பிக் குடுத்துருதேன். வெள்ளை வந்தா இனிமே இந்தத் தொழில்ல என் பேச்சுதான். எடுண்ணே."

கை நீட்டி ஒரு பொட்டலத்தை எடுத்தான். முடிச்சை நகத்தால் நெருடிப் பார்த்தான். பிரிக்காமலே திரும்ப மேஜையில் வைத்துவிட்டு மாடிப்படி இறங்கிப் போனான். உள்ளே என்ன இருக்கும் என்று அவனுக்குத் தெரியும், சொல்லிக்கொடுத்தவன் அவன்தானே.