பதினோரு மனுக்கள்

விடியுமுன்பே சலவைக்கூடத்தில் ஆவி மண்டிவிட்டது. அந்தக் கலிபோர்னியாச் சிறையின் மூவாயிரம் பேருடைய போர்வைகளும் அங்கேதான் வெளுத்தாக வேண்டும். ஈரப் போர்வையின் ஒரு நுனியை லெமுவல் பிடிக்க, மறுநுனியை எராஸ்மோ பிடித்து, ஈரம் உலர்த்தும் சூட்டு உருளைக்குள் தள்ளினான். ஒருவன் கறுப்பன், ஒருவன் மெக்சிகோக்காரன். ஆறு வருஷமாக இதே ஜோடி.

"சீக்கிரம் தள்ளுய்யா கிழவா, கல்யாணத்துக்கா மடிக்கிறே?" என்று எராஸ்மோ சிரித்த அந்த நொடியில் ஆவிக்குழாய் வெடித்தது. ஒழுகுகிறது, ஒழுகுகிறது என்று மூன்று மாதமாக அவர்கள் முறையிட்ட குழாய். எராஸ்மோவின் இரண்டு கைகளும் முழங்கைவரை வெந்துபோயின.

மூன்றாம் நாளே சிறை ஆஸ்பத்திரியிலிருந்து கட்டோடு அறைக்கு அனுப்பிவிட்டார்கள். சட்டைப் பொத்தானைக்கூடக் கழற்ற முடியாமல் அவன் தனியே கிடந்தான். லெமுவல், அறை ஒதுக்கும் அதிகாரி கிரேடியிடம் போய் நின்றான்.

"சார், அவன் அறையில ஒரு கட்டில் காலியா இருக்கு. என்னை அங்க போடுங்க. ஒரு வாய் எடுத்துத் திங்க முடியல அவனால."

கிரேடி இருவரின் கைதி அட்டைகளையும் பார்த்தான். "நீ கறுப்பு, அவன் மெக்சிகோ. கலக்கிறதில்ல. உங்க பாதுகாப்புக்குத்தான்யா."

"தினம் எட்டு மணி நேரம் கையில போர்வை தள்ளுற இரும்புக் கம்பியோட ஒண்ணா நிக்கிறோமே, அப்ப யாரு சார் பாதுகாப்பு?"

"அது வேலை. இது தங்கற இடம்."

"வேலைக்கு ஒரு தோலு, தூக்கத்துக்கு ஒரு தோலா சார்?"

"வாயை மூடு. நன்னடத்தைக்காகக் குறைச்ச உன் தண்டனை மொத்தமும் திரும்ப ஏறிடும்."

லெமுவலுக்கு விடுதலைக்குப் பதினோரு மாதம்தான் பாக்கி. ஆனாலும் மறுநாள் காலை சலவைக்கூடத்தின் மற்ற ஒன்பது பேரிடமும் எல்லாவற்றையும் சொன்னான். சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்று எழுதிவைத்த நாட்டில், நிறம் பார்த்துக் கட்டில் போடுவது என்ன நியாயம் என்று மனு எழுதுவோம் என்றான்.

எல்லார் கண்ணும் வெர்ன் பக்கம் போனது. கறுப்பர்களோடு ஒரு மேசையில் சாப்பிடாத வெள்ளைக்காரன் அவன்.

"எங்க ஆளுங்க என் தோலை உரிச்சிடுவாங்க," என்றான் வெர்ன். பிறகு கையை நீட்டினான். "அன்னிக்கு அந்தக் குழாய்கிட்ட நான் நின்னிருந்தா? கொண்டா பேனாவை."

பதினோரு மனுக்கள். சிறை முற்றத்தில் எராஸ்மோ சொல்லச் சொல்ல, அவனுடையதை லெமுவலே எழுதினான். இனம் என்ற கட்டத்தில் எல்லாருமே எழுதியது ஒரே சொல்: சலவைத் தொழிலாளி.

கிரேடி வந்தபோது இயந்திரம் ஒன்றும் ஓடவில்லை. கட்டுப்போட்ட கைகளோடு எராஸ்மோவும் வந்து நின்றிருந்தான்.

"யாருடா தலைவன்?"

"இங்க பதினோரு பேரு இருக்கோம் சார்," என்று லெமுவல் மனுக்களை நீட்டினான். "வாங்கிக்கிட்டுக் கையெழுத்துப் போடுங்க. அப்புறம் வேலை."

கிரேடி வாங்கவில்லை. காவலர்களைக் கூப்பிட்டான். நடைவழியில் பூட்ஸ் சத்தம் நெருங்கி வந்தது. நீட்டிய கையை லெமுவல் மடக்கவில்லை. பதினோரு பேரும் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். பக்கத்துத் தோள் யாருடையது என்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.