ஊதா மாத்திரைக்கு ஒரு சாட்சி

சனிக்கிழமை ஹெரால்டு பத்திரிகையின் முதல் பக்கத்தில், ஏலத்துக்கு வரும் செம்மறி ஆடுகளுக்கும் காணாமல் போன பழுப்புக் குதிரைக்கும் நடுவே ஹெஸ்டர் பாஸ்கோவின் பெயர் இரண்டு வருஷமாக வந்துகொண்டிருந்தது.

'சாவின் வாசல்வரை போய்த் திரும்பினேன். கார்ஸ்டேர்ஸ் ஊரில் மூன்று டாக்டர்கள் கைவிட்டார்கள். டாக்டர் ஹோலிட்டின் ஊதா மாத்திரை எட்டுப் பெட்டி சாப்பிட்டேன். இன்று வீட்டு வேலை முழுவதையும் நானே செய்கிறேன். இப்படிக்கு, திருமதி ஹெஸ்டர் பாஸ்கோ, ஆற்றோரம். மாத்திரை நியூசிலாந்து முழுவதும் கிடைக்கும்.'

நடந்தது வேறு. ஆண்களுக்குச் சட்டை தைத்துக் கொடுத்துப் பிழைப்பவள் அவள். குனிந்து தைத்துத் தைத்து ஒரு குளிர்காலம் முதுகு பிடித்துக்கொண்டது. அந்தச் சமயம் பார்த்து, மாத்திரைக் கம்பெனியின் ஏஜென்ட் ஒருவன் மழையில் தொப்பலாக நனைந்து வந்து கதவைத் தட்டினான். டீ கொடுத்தாள். "உடம்பு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டவன், பதிலுக்குக் காத்திருந்தான்.

புருஷன் இறந்த பிறகு ஆறு வருஷத்தில் அப்படிக் கேட்டுவிட்டுக் காத்திருந்தவர் யாருமில்லை. ஒரு மணி நேரம் பேசித் தீர்த்தாள். அவன் எழுதிக்கொண்டதைப் படித்தபோது சிரிப்புத்தான் வந்தது.

"மூணு டாக்டரா? இந்த ஊருக்கு இருக்கறதே ஒருத்தர்தானேய்யா!"

"பேப்பர்ல அப்படித்தாம்மா போடுவாங்க. யார் எண்ணிப் பார்க்கப் போறா?"

கையெழுத்துப் போட்டாள். மறுபடி வருகிறேன் என்று போனவன் வரவேயில்லை. வெயில் வந்ததும் முதுகுவலி தானாகப் போயிற்று.

ஆனால் கடிதங்கள் வந்தன. பண்ணைகளிலிருந்து, மரம் அறுக்கும் ஆலைகளிலிருந்து, பெயர்கூடக் கேள்விப்படாத மலையடிவாரங்களிலிருந்து பெண்கள் எழுதினார்கள். நிஜமாகவே குணமாயிற்றா? ஆமாம் என்று எல்லோருக்கும் பதில் எழுதினாள். பெரும்பாலும் அத்தோடு முடிந்தது. மெர்சி டன்னட்டோடு மட்டும் முடியவில்லை.

மெர்சி, நாற்பது மைல் மேலே, மனூகா பள்ளத்தாக்கில் மர ஆலைத் தொழிலாளியின் மனைவி. இரண்டாவது கடிதத்திலேயே மாத்திரைப் பேச்சு பின்னால் போய்விட்டது. கோழி அடை வைத்தது, பிளம் ஜாம் கெட்டியாகாதது, புருஷன் சைலஸ் குறட்டையில் கூரைத் தகரம் அதிர்ந்தது என்று எல்லாம் வந்தது. வியாழக்கிழமை தபால் வண்டி ஆற்றுப் பாலத்தில் கடகடக்கும்போதே ஹெஸ்டர் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். மற்ற ஆறு நாளும் அந்த ஒரு நாளுக்காகத்தான் விடிந்தன.

மார்ச் மாதம் வந்த கடிதத்தில் கடைசி நாலு வரி இப்படி இருந்தது.

'மார்பில் ஒரு கட்டி. கல் மாதிரி இருக்கிறது. இங்கே வந்த டாக்டர், கார்ஸ்டேர்ஸ் ஆஸ்பத்திரிக்கு வா, சீக்கிரம் வெட்டி எடுத்துவிடலாம் என்கிறார். நான் ஊதா மாத்திரை ஐந்தாவது பெட்டியில் இருக்கிறேன். உனக்கு எட்டு ஆயிற்றே!'

ஹெஸ்டர் அன்றே பேனாவை எடுத்தாள். 'மாத்திரை இருக்கட்டும், ஆஸ்பத்திரிக்கும் போய்விடு' என்று பாதி உண்மையாக எழுதிப் போட்டாள். அடுத்த வியாழன் பதில் வந்தது.

'உன்னைக் கைவிட்ட டாக்டர்களிடமா என்னைப் போகச் சொல்கிறாய்? எனக்கு உன் வார்த்தை போதும்.'

மறுநாள் காலை ஹெரால்டு ஆபீசில் போய் நின்றாள். பத்திரிகை ஆசிரியர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"நிறுத்தணுமா? ஏன் மிசஸ் பாஸ்கோ, திரும்ப வலி வந்துடுச்சா?"

"வலியே அவ்வளவா இல்லைங்க. அது அத்தனையும் பொய்."

"கையெழுத்து உங்களுதுதானே?"

"ஆமா."

"விளம்பரம் கம்பெனியுது. அவங்க நிறுத்தச் சொல்ற வரைக்கும் ஓடும்."

"அப்ப, அது பொய்னு நான் ஒரு அறிவிப்புப் போடறேன்."

"நல்லா இருக்கே! என் பேப்பர்லயே என் வாயில மண்ணா? குதிரை தொலைஞ்சா வாங்க, போடறேன்."

கடிதம் எழுதலாம்தான். நம்ப மாட்டாள் என்று தோன்றியது. நேரே முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம். அடுத்த வாரத் தபால் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள் ஹெஸ்டர்.

மெர்சி அவள் நினைத்ததைவிடக் குள்ளம். முகமெல்லாம் மச்சம். பெயரைச் சொன்னதும் மாவுக்கையோடு ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"கடவுளே, ஹெஸ்டரா! சைலஸ், யார் வந்திருக்கா பாருங்க! நீ இவ்வளவு உயரம்னு எழுதவே இல்லையே! உட்காரு, ஸ்கோன் ரொட்டி இப்பத்தான் அடுப்புல வச்சேன். இன்னிக்குக் கருகாது, உன் அதிர்ஷ்டம்."

"மெர்சி, முதல்ல நான் சொல்றதைக் கேட்டுடு."

"டீயைக் குடிச்சுட்டுச் சொல்லேன். நாற்பது மைல் வந்திருக்கே."

குடித்தால் சொல்ல வராது என்று ஹெஸ்டருக்குத் தெரிந்தது. நின்றபடியே சொன்னாள். மூன்று டாக்டர்கள் இல்லை. எட்டுப் பெட்டி இல்லை. சாவு வாசலில் நிற்கவும் இல்லை. வெறும் முதுகுப்பிடிப்பு.

மெர்சி கையில் ஒட்டிய மாவை மெதுவாக உதிர்த்தாள்.

"குணமாச்சான்னு கேட்டு உனக்கு எழுதினேனே. ஆமான்னு எழுதினியே."

"எழுதினேன்."

"எதுக்கு?"

"இல்லைன்னு எழுதியிருந்தா, நீ மறுபடி எழுதியிருக்க மாட்டே."

சைலஸ் கதவருகே வந்து நின்றான்.

"ஒரு மாசம் போயிடுச்சு," என்றாள் மெர்சி. குரல் உயரவில்லை. "வா வான்னு அந்த டாக்டர் கையைப் பிடிக்காத குறையாக் கூப்பிட்டார். இந்த மனுஷன் வண்டியைப் பூட்டிக்கிட்டு நின்னார். என் ஹெஸ்டருக்குத் தெரியாததான்னு சொல்லிட்டேன்."

"மத்ததெல்லாம் நிஜம் மெர்சி. நான் எழுதினதுல அது ஒண்ணுதான்..."

"எது ஒண்ணுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்க?" மெர்சி புருஷன் பக்கம் திரும்பினாள். "நாளைக்குக் காலையில வண்டியைப் பூட்டுங்க." பிறகு ஹெஸ்டரிடம், "தபால் வண்டி குதிரை மாத்தற வரைக்கும்தான் இங்க நிக்கும்," என்றாள்.

அதன்பிறகு வேறு பெண்களிடமிருந்து வந்த கடிதங்களுக்கெல்லாம் ஹெஸ்டர் ஒரே பதிலைத்தான் எழுதினாள். அது பொய், டாக்டரிடம் போங்கள். யாரும் இரண்டாவது கடிதம் போடவில்லை. வியாழக்கிழமை வண்டி பாலத்தைக் கடந்து நிற்காமல் போயிற்று.

ஆஸ்பத்திரியில் ஞாயிறு இரண்டு முதல் நாலு வரை நோயாளிகளைப் பார்க்கலாம். மெர்சிக்குக் கட்டியை எடுத்த பத்தாவது நாள் ஹெஸ்டர் போனாள். உள்ளே போய்க் கேட்டுவந்த நர்ஸுக்கு, சொல்லவே சங்கடமாக இருந்தது.

"பார்க்க வேண்டாம்னு சொல்லிட்டாங்கம்மா."

"எழுந்து நடக்கறாளா?"

"நேத்து ஜன்னல் வரைக்கும் நடந்தாங்க. பிழைச்சுக்குவாங்கன்னு டாக்டர் சொல்றார். இன்னும் தாமதிச்சிருந்தா கஷ்டமாம்."

ஹெஸ்டர் தலையசைத்தாள். உடனே கிளம்ப மனம் வரவில்லை. தாழ்வாரத்து பெஞ்சில் நாலு மணி வரை உட்கார்ந்திருந்தாள். மணி அடித்து மற்றவர்கள் எழுந்ததும் தானும் எழுந்தாள். மெர்சி ஒருவேளை ஜன்னலில் நின்றுகொண்டிருந்தால், தன்னைப் பார்த்து விலகிப்போக வேண்டாம் என்று, வெளி கேட் வரை நிமிர்ந்து பார்க்காமலே நடந்தாள்.