படத்தில் சிரித்தவள்

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஒஹையோவில் எங்கள் சின்ன ஊரின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. பக்கத்து வீட்டு ஒடெல்லா கெஸிங்கருக்கு நாலு பையன்கள். 1954 கோடையில், நாடு முழுக்கப் போகிற ஒரு வாரப் பத்திரிகையின் புகைப்படக்காரர் அவள் வீட்டுக்கு வந்தார். ஒரு தாயின் நாள் எப்படிக் கழிகிறது என்று கட்டுரையாம். ஒடெல்லா உடை மாற்றப் போயிருந்தாள். துணைக்குப் போயிருந்த என் மடியில் கடைக்குட்டி ராய் இருந்தான். என் மூக்கைப் பிடித்து இழுத்தான்; சிரித்துவிட்டேன். அவர் படம் எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது.

செப்டம்பரில் பத்திரிகை வந்தது. முழுப் பக்கத்துக்கு நான். கீழே, 'திருமதி ஒடெல்லா கெஸிங்கர், நான்கு பிள்ளைகளின் தாய்.'

ஒடெல்லா பத்திரிகையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"பேரு என்னுது, புள்ள என்னுது, மூஞ்சி மட்டும் உன்னுதா?"

"நான் என்னடி பண்ணேன்? அந்த ஆளு எடுத்தான்."

"நீ ஏன் அப்படிச் சிரிச்சே?"

மன்னிப்புக் கேட்டேன். ஆனால் அவளுக்குத் தெரியாமல் இரண்டு பிரதி வாங்கி அலமாரியில் வைத்திருந்தேன். எனக்கு இருந்தது சந்தோஷமா, குற்ற உணர்ச்சியா, எனக்கே பிடிபடவில்லை. தவறைத் திருத்தச் சொல்லிப் பத்திரிகைக்கு எழுதிப் போட்டோம்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஒடெல்லா என் கதவைத் தட்டினாள். முகம் வெளுத்திருந்தது.

"வெர்னா, கிளம்பு. இண்டியானாலேருந்து ஒருத்தி பஸ் ஏறி வந்திருக்கா. என்னைப் பாக்கணுமாம்."

"பாத்துட்டு அனுப்பேன்."

"பாத்துட்டா! நான் ஒடெல்லா இல்லையாம். போய் ஒடெல்லாவைக் கூப்பிடுங்கன்னு எங்கிட்டயே சொல்றா."

அவள் வீட்டுச் சமையலறையில் ஒல்லியான ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் நடீன். கிழித்தெடுத்த அந்தப் பக்கம் அவள் கையில் இருந்தது. என்னைக் கண்டதும் எழுந்துவிட்டாள்.

"அப்பாடா! நீங்கதான்!"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். ஒடெல்லா என் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். ஏன் என்று அப்போது புரியவில்லை.

"எனக்கு ரெண்டு புள்ளைங்க," என்றாள் நடீன். "மாமியார்கிட்ட விட்டுட்டு வந்துட்டேன். உங்க படத்தைச் சுவத்துல ஒட்டி தெனமும் பாப்பேன். எனக்கு அப்படிச் சிரிப்பு வரவே மாட்டேங்குது. எங்கிட்டதான் ஏதோ கோளாறுன்னு தோணுது. வீட்டுக்குப் போகவே பயமா இருக்கு. உங்களால மட்டும் எப்படிங்க முடியுது?"

அரை மணி நேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிற பிள்ளையோடு யாரால்தான் சிரிக்க முடியாது?

காப்பி ஊற்றிக்கொண்டிருந்த ஒடெல்லா திரும்பாமலே சொன்னாள்: "அவ சிரிக்கிறதெல்லாம் படத்துலதான். பக்கத்து வீட்டுக்காரி, எனக்குத் தெரியாதா? வாரத்துல ரெண்டு நாள் ஸ்டோர் ரூம் கதவைச் சாத்திக்கிட்டு, வாயில துண்டை வெச்சு அழுத்திக்கிட்டு அழுவா. பசங்க கதவைத் தட்டினா, மாவு தேடறேன்னுவா."

"நெஜமாவா?" என்று நடீன் என்னைக் கேட்டாள்.

தலையாட்டினேன். நான் பார்த்துக்கொண்டிருந்தது ஒடெல்லாவின் முதுகை.

"அழுதுட்டு என்ன பண்ணுவீங்க?"

"உருளைக்கிழங்கு தோல் சீவுவா," என்றாள் ஒடெல்லா. "வேற என்ன பண்றது?"

நடீன் சிரித்தாள். அப்படியே அழவும் ஆரம்பித்தாள். நாலரை மணி பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினாள்.

பஸ் நிலையத்திலிருந்து நடந்து வரும்போது மெல்ல ஆரம்பித்தேன். "ஒடெல்லா, அந்த ஸ்டோர் ரூம் விஷயம்..."

"அதை விடு."

ஆறு வருஷமாக அடுத்த வீடு. அவள் சொன்னது அவளுடைய கதையேதானா, அந்தப் பெண்ணைத் தேற்ற இட்டுக்கட்டியதா? அவள் முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. மறுநாள் மத்தியானம் போய் நாலு பையன்களையும் ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை.

பத்திரிகை கடைசிப் பக்கத்தில் இரண்டு வரியில் வருத்தம் தெரிவித்தது. நடீன் அதைப் படித்தாளோ என்னவோ. டிசம்பரில் ஒடெல்லா பெயருக்கு அவளிடமிருந்து கடிதம் வந்தது. பிள்ளைகள் நலம், தானும் பரவாயில்லை, பக்கத்து வீட்டு அம்மாவுக்குத் தன் நன்றியைச் சொல்லவும் என்று எழுதியிருந்தாள்.

"இந்த நன்றி யாருக்குடி?" என்றாள் ஒடெல்லா.

கடிதத்தின்படி பக்கத்து வீட்டுக்காரி நான்; ஆனால் நடீன் நினைத்தது காப்பி ஊற்றிய ஒடெல்லாவை. கடைசியில் பதிலை அவள் எழுதினாள். கையெழுத்துப் போடும் இடம் வந்ததும் பேனாவை என்னிடம் நீட்டினாள். ஒடெல்லா கெஸிங்கர் என்று நான் எழுதினேன்.