அக்கா வீட்டுப் பின்சுவர்

அக்கா வீட்டுச் சுவருக்குத் தம்பி போட்ட விலை பூஜ்யம். இடிசலை அள்ளும் லாரிக் கூலியைக் கழித்தால் அதற்கும் கீழே. கதவுக்கு விலை உண்டு, உத்திரத்துக்கு உண்டு, ஜன்னல் கம்பிக்குக்கூட உண்டு. இரண்டடி கனச் சுவரைக் கழற்றி யார் தலையில் கட்டுவது? பழைய கட்டடங்களை இடித்து விற்கிற அவனுக்குக் கடைத்தெருவில் ‘கழற்றி’ என்றே பெயர்.

அந்த வீட்டுத் தேக்கு உத்திரங்களுக்கு ஓட்டல்காரர் ஒருவர் நல்ல விலை பேசி முன்பணமும் கொடுத்துவிட்டார். ஆகவே பூச்சில் ஓடிய விரிசலைத் தட்டிக் காட்டி, “அக்கா, இது தாங்காது. அடுத்த மழைக்கு உக்காந்துடும். இடிச்சுட்டுப் புதுசாக் கட்டிக்கோ” என்றான். உள்ளே செங்கல் இரும்பாட்டம் இருப்பது அவனுக்குத் தெரியும். அக்கா அதை அப்படியே நம்பினாள். வீட்டிலேயே போட்டிருந்த தையல் மிஷின்களைத் தூக்கிக்கொண்டு, தைக்க வரும் பெண்களையும் கூட்டிக்கொண்டு, அடுத்த தெருவில் ஒரு புதுக் கட்டடத்துக்கு வாடகைக்குப் போய்விட்டாள்.

இடிப்பு தொடங்கிய அன்று அவளைப் பார்க்கப் போனான். கண்ணாடிச் சுவர் வழியாக வெயில் துணிகள் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. ஏசி இரைந்தது.

“இத நிறுத்தினா கை வேர்த்து ஊசி வழுக்குது. அங்க மத்தியானத்துல ஃபேன் கூடப் போட்டதில்ல. இங்க கரண்ட் பில்லு வாடகையோட போட்டி போடுது” என்றாள் அக்கா. “போகட்டும். நீ சொல்லலன்னா இந்தப் பொண்ணுங்களோட நானும் அந்தச் சுவருக்கு அடியில போயிருப்பேன்.”

அவன் தண்ணீர்த் தம்ளரைப் பாதியில் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

“கடைசியா வீட்ட ஒரு தடவ பாத்துட்டு வரேன், நட.”

“வேணாம்க்கா, ஒரே தூசி.”

“பஞ்சுத் தூசியிலயே பாதி ஆயுசு போச்சு. நடடா.”

லாரி உள்ளே வர வழி வேண்டுமென்று பின்சுவரை முதலில் உடைக்கச் சொல்லியிருந்தான். இவர்கள் போனபோது, பல் வைத்த இரும்பு வாளியால் இடிக்கிற இயந்திரம் சும்மா நின்றது. ஓட்டுநர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“முதலாளி, வாளியில ரெண்டு பல்லு போச்சு. டீசல் குடிச்சதுதான் மிச்சம். ஓர் ஆள் நுழையற ஓட்டை போட்டதுக்கே வண்டி மூச்சு வாங்குது. இதையா விழுந்துடும்னாங்க? எந்த மகராசன் சொன்னது?”

மகராசன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அக்கா ஓட்டைக்குள் கைவிட்டு உடைந்த செங்கலைத் தடவினாள். “ஜில்லுனு இருக்கு” என்றாள். அவன் பக்கம் திரும்பாமலே கேட்டாள்: “உத்திரத்துக்கு என்ன பேசியிருக்க?”

முழுத் தொகையைச் சொன்னான். அதுவரை அக்காவிடம் அதில் பாதிதான் சொல்லியிருந்தான்.

“கெட்டிக்காரன். யாவாரத்த வீட்டுக்குள்ளயே முடிச்சுட்ட.”

இந்தச் செங்கலைச் சுட்ட நெருப்பு என்றைக்கோ எரிந்து அணைந்த கணக்கு. இடித்தால் சிமெண்டுக்கும் கம்பிக்கும் கண்ணாடிக்கும் புதிதாக எரிக்க வேண்டும். அதற்குப் பிறகு ஏசிக்கு, தினம் தினம். தொழிலில் தலை நரைத்தவனுக்கு இது தெரியாததல்ல. தெரிந்ததை அக்காவிடமே மறைத்ததுதான் நெஞ்சை அறுத்தது.

“வண்டிய எடுத்துட்டுப் போப்பா” என்றான். “ஓட்டைய நானே அடைச்சுத் தரேன்க்கா. இதே செங்கல்தான், சுண்ணாம்புக் காரைதான்.”

“அடை. சரியா அடைச்சியான்னு வேற கொத்தனார வெச்சுப் பாத்துக்கறேன்.”

சுவர் அடைத்தாயிற்று; அக்காவின் மிஷின்கள் வீடு திரும்பின. ஓட்டல்காரரின் முன்பணம் திரும்பிப் போயிற்று. வண்டி வாடகை, டீசல், வாளிப் பல் இரண்டு, எல்லாம் அவன் தலையில். அக்கா வெளியில் இருந்த நாட்களின் வாடகையையும் கரண்ட் பில்லையும் ரூபாயாகக் கொண்டுபோய்க் கொடுத்தான். அவள் வாங்கி, விரலை நனைத்து, ஒவ்வொரு நோட்டாக எண்ணினாள். தம்பி கொடுத்த காசை அவள் எண்ணிப் பார்த்தது அதுவே முதல் தடவை.

பணக் கணக்கு நேரானது. மற்றது பாக்கி.