திரையில் நின்ற சங்கிலி

யுத்த காலத்தில் பஸ் குண்டுவெடிப்பொன்றில் சங்கிலிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடப்பான் என்று டொக்டர் ஜெயரூபன் சொன்னதை நம்பி, அவன் தங்கை மயிலம்மா கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்த தன் தையல் கடையை விற்றாள். ஊசிக்குப் பிறகு அவன் கைகளும் விளங்காமல் போயின. டொக்டர் அவளைப் பார்க்கவே மறுத்தார்.

லண்டனிலிருந்து வந்த தமிழ் முதலீட்டாளர்களுக்கு அவர் தன் சிகிச்சைக்குப் பணம் திரட்ட வெள்ளவத்தை மண்டபமொன்றில் கூட்டம் நடத்துவதை அறிந்து, அண்ணனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனாள். மேடைத் திரையில் சங்கிலி நின்றுகொண்டிருந்தான். இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க எடுத்த படம் அது. அந்த இருவரையும் படத்திலிருந்து வெட்டி எடுத்திருந்தார்கள்.

"இவர் இப்ப தனிய நடக்கிறார்," என்றார் டொக்டர்.

மயிலம்மா நாற்காலியை மேடைக்கு முன்னால் நிறுத்தினாள். "அந்த ஆளு இவருதாங்க. நடக்கச் சொல்லுங்க, டாக்டர்!"

"தங்கச்சி, வெளியிலை போய்க் கதைப்பம்," என்று அவர் கெஞ்சினார்.

"ஒங்க வாசல்ல நான் கெஞ்சினப்ப கதவ சாத்துனீங்களே. இங்கயே கதைங்க."

முதலீட்டாளர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். டொக்டரின் முகம் வெளிறியதை மயிலம்மா ஆசைதீரப் பார்த்தாள்.

"அடுத்தது புதுக்கடை கோர்ட்டு, அண்ணே. இவன விட மாட்டேன்."

"அங்கயும் என்னைய முன்னுக்கே கொண்டுபோய் நிறுத்து," என்றான் சங்கிலி.